மாலை விளையாட்டில் தமிழ்: வெளிமாநிலக் குழந்தைகளுக்கு விளையாட்டு வட்டம் நடத்த முழுமையான வழிகாட்டி

திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய காம்பவுண்டு வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கக் குடும்பங்கள் நிறையக் குடியிருக்கின்றன. அப்பா அம்மா இருவரும் ஷிப்டுக்குப் போய்விட, குழந்தைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழி வகுப்பில் உட்காருகிறார்கள். வகுப்பில் மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளையும், சாயங்காலம் உள்ளூர்ப் பிள்ளைகளோடு நன்றாக ஆடத் தொடங்கிவிட்டால், ஒருநாள் "டேய், நீ அவுட்டு!" என்று கத்தும்.

இது தானாக நடந்துவிடும் என்று நம்பித்தான் புதிதாக வரும் தன்னார்வலர்கள் பலர் சறுக்குகிறார்கள். எல்லோரையும் ஒரே மைதானத்தில் விட்டால் பத்து நிமிஷத்தில் ஒடியாப் பிள்ளைகள் ஒரு மூலை, தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மூலை என்று ஆகிவிடும். இன்னும் சிலர் விளையாட்டையே பாடமாக்கிவிடுகிறார்கள்: பந்தைக் காட்டி, "இது என்ன? பந்து! சொல்லு பார்க்கலாம், பந்து!" அந்தக் குழந்தை பந்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகும் வழியைப் பார்க்கும்.

வரிசைதான் இதில் முக்கியம். முதலில் ஆட்டத்தில் குழந்தைக்கு ஓர் இடம் வேண்டும். அப்புறம் முழு முழு வாக்கியங்களாகக் காதில் விழுந்து வாயில் ஏற வேண்டும். அந்த வாக்கியங்களைப் பிரித்துத் தன் வாக்கியமாகச் செய்வது அதற்கும் பிறகுதான். 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

1. ஆரம்பிக்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

இடம்: காம்பவுண்டுக்குள்ளேயோ நடந்துபோகும் தூரத்திலோ இருக்க வேண்டும். அம்மா வேலை முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வருவார் என்றால், குழந்தையை ரோடு தாண்டி அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். வண்டி வராத சந்து, கோயில் திடல், பள்ளி மைதானம் எதுவும் சரி. குடிதண்ணீரும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

நேரம்: பள்ளி விட்டு, வாய்க்கு ஏதாவது போட்டுக்கொண்ட பிறகு, இருட்டும் முன்பாக ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் நடத்துவதைவிட நான்கு நாள் ஒவ்வொரு மணி நேரம் நடத்துவது மேல். அதே பிள்ளைகள், அதே ஆட்டம், அதே வாக்கியங்கள் அடுத்த நாளும் காதில் விழ வேண்டும் என்பதுதான் காரணம்.

அனுமதி: ஞாயிறு காலையில் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். மற்ற நாட்களில் பெற்றோரைப் பிடிக்கவே முடியாது. எங்கே, எத்தனை மணி வரை, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மூன்றையும் சொல்லி, அவர்களுடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் வரும் நாளில் வட்டத்தை நடத்தாதீர்கள்.

வீட்டில் அநேகமாக ஒரு கேள்வி வரும்: "இனி வீட்டிலும் தமிழில் பேச வேண்டுமா?" வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஒடியாவோ போஜ்புரியோ அந்த வீட்டின் மொழி எதுவோ அதிலேயே கதை சொல்லட்டும், திட்டட்டும், கொஞ்சட்டும். சொந்த மொழியில் நிறையப் பேசும் குழந்தைக்கு, ஒரு பொருளைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். தமிழில் அதற்குப் புதுச் சொல் மட்டும் கிடைத்தால் போதும். பெற்றோர் தங்களுக்கே சரியாக வராத தமிழில் அரைகுறையாகப் பேச ஆரம்பித்தால் வீட்டுப் பேச்சும் சுருங்கிப்போகும்.

பொருள்: சாக்பீஸ், பழைய துண்டு ஒன்று, ஓட்டுச் சில்லுகள், புளியங்கொட்டை, ஒரு ரப்பர் பந்து. கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டிக் கட்டினால் அடித்தாலும் வலிக்காத பந்து கிடைக்கும். விலை உயர்ந்த சாமான் எதுவும் வாங்காதீர்கள். ஆளுக்கொரு பொம்மை இருந்தால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பேசாமல் ஆடுவார்கள். பொருள் குறைவாக இருந்தால்தான் கேட்க வேண்டும், கெஞ்ச வேண்டும், "ஒரு தடவை குடுடா" என்று சொல்ல வேண்டும்.

2. கூட்டத்தைக் கலப்பது

புதிய பிள்ளை ஒன்றுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் இருந்தால் நல்லது. ஒரே மொழிக்காரர்கள் மூன்று பேர் ஒரே அணியில் சேர்ந்தால் அந்த அணியின் மொழி அதுவாகிவிடும். அது அவர்கள் குற்றமில்லை. நாம் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். ஒடியாப் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தால் இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று ஆட்டமாக நடத்துங்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை வந்தால் எதிரெதிர் அணியில் போடுங்கள். மூத்த பிள்ளை கொஞ்சம் தமிழ் தேறியதும் இளையதற்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கும். பாசத்தில்தான் செய்கிறது. ஆனால் இளையது தமிழுக்குக் காதைத் திறக்காமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எதிரணியில் இருக்கும் அக்கா தன் ஆட்டத்தைக் கவனிப்பாளே ஒழிய, மொழிபெயர்க்க வரமாட்டாள்.

வயது கொஞ்சம் முன்பின் இருக்கட்டும். எட்டு ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகள் சின்னதுகளை இழுத்துவைத்து, ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பெரியவர்கள் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

3. பெயரிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாள் ஆட்டம் பெயர் ஆட்டம்தான். வட்டமாக நின்று ஒருவர் பெயரைக் கூப்பிட்டுப் பந்தை எறிய வேண்டும், அவ்வளவுதான். பெயர் தெரியாத பிள்ளையை மற்றவர்கள் "ஏய் இந்திக்காரா" என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். ஒடியாப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுப்பது கஷ்டம். அந்தப் பெயரோடு கூப்பிடப்படும் பிள்ளை பதில் சொல்லாமல் இருக்கவே கற்றுக்கொள்ளும்.

பெயரை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே நீங்கள் முதலில் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகள் உங்கள் வாயைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

4. முதல் இரண்டு வாரம்: வாய் தேவைப்படாத ஆட்டங்கள்

ஓடிப்பிடிச்சு, நொண்டி, கண்ணாமூச்சி, கல்லா மண்ணா. பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய ஆட்டங்கள் இவை. பேசத் தெரியாத பிள்ளையும் முதல் நாளே நன்றாக ஆட முடியும், ஜெயிக்கக்கூட முடியும்.

இவற்றில் கல்லா மண்ணாவுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். பிடிக்கிறவனிடம் "கல்லா, மண்ணா?" என்று எல்லோரும் கேட்க, அவன் மண் என்றால் மற்றவர்கள் கல்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். சொல்லைத் தவறாகக் கேட்டால் மாட்டிக்கொள்வோம். இரண்டே சொல், ஆனால் அதைக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம். காதைத் தீட்ட இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியவில்லை.

புதிய பிள்ளையை முதலில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. தம்பி தங்கையை இப்படித்தான் ஆட்டத்தில் சேர்க்கிறார்கள்: கூட ஓடலாம், பிடிபட்டாலும் அவுட் கிடையாது. விதி புரியாத பிள்ளைக்கு அவமானமில்லாமல் கூட்டத்துக்குள் நிற்க இது வழி. ஆனால் சில நாட்களில் அந்தச் சலுகையை எடுத்துவிடுங்கள். அவுட் ஆகாத பிள்ளையோடு யாரும் சண்டை போடமாட்டார்கள். சண்டை இல்லாவிட்டால் பேச்சு எங்கிருந்து வரும்?

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லில்லி வாங் ஃபில்மோர் என்ற ஆய்வாளர், ஸ்பானிஷ் பேசும் குழந்தைகள் 5 பேரை ஆங்கிலம் பேசும் குழந்தைகளோடு விளையாடவிட்டு ஒரு பள்ளியாண்டு முழுக்கக் கவனித்தார். வேகமாகப் பேசத் தொடங்கிய குழந்தை என்ன செய்தது தெரியுமா? புரியாதபோதும் புரிந்த மாதிரி கூட்டத்தில் சேர்ந்துகொண்டது, தெரிந்த சில வாக்கியங்களை வைத்துப் பேச வரும் என்று காட்டிக்கொண்டது, மீதிக்குத் தோழர்கள் கைகொடுப்பார்கள் என்று நம்பியது. இந்த நான்காம் படியில் நாம் செய்வதெல்லாம் அதற்கு வாய்ப்பு உண்டாக்குவதுதான்.

5. பேசாத காலத்தில் என்ன செய்வது

பல குழந்தைகள் புது மொழிக்குள் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். சில வாரம், சிலருக்குச் சில மாதம். அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். தன்னார்வலர்கள் அதிகம் பொறுமை இழப்பது இங்கேதான். "தமிழில் சொன்னால்தான் பந்து" என்று நிபந்தனை போடுவார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை வராது.

பேச்சு வரவில்லையே என்று கவலைப்படுவதற்குப் பதில், கேட்பது வளர்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு வழி உண்டு. எல்லோரும் ஓடும்போது சேர்ந்து ஓடுகிறதா, "ஓடு" என்ற சொல் கேட்டதும் ஓடுகிறதா? முதுகுக்குப் பின்னால் நின்று "உட்காரு" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். மற்றவர்களைப் பார்க்காமல் அதுவே உட்கார்ந்தால், தமிழ் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஓரமாக நின்று பார்க்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு வேலை கொடுங்கள். கண்ணாமூச்சியில் கண்ணைப் பொத்துவது, சில்லு அடுக்குவது, துண்டைப் பிடித்துக்கொள்வது, கோடு போடுவது. வேலை இருந்தால் மற்ற பிள்ளைகள் அதனிடம் பேசியாக வேண்டும். "இங்க கோடு போடு, வளைஞ்சிருக்கு பாரு" என்று யாராவது சொல்வார்கள். அது போதும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டில் தன் மொழியிலும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அம்மா சொன்னால், அதைப் புது மொழியின் கூச்சம் என்று விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூடவே போய்க் காட்டுங்கள்.

6. அவர்கள் ஆட்டத்தை இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்

இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். மூன்றாம் வாரமே செய்ய வேண்டியது இது. அதுவரை அந்தப் பிள்ளை எல்லாம் தெரியாத பிள்ளை. தன் ஊர் ஆட்டத்தை நடத்தும் அன்றைக்கு எல்லாம் தெரிந்த பிள்ளை. அதற்கப்புறம் மற்றவர்கள் அதைத் தேடி வந்து கேட்பார்கள். தேடி வருகிற தோழி இருந்தால்தானே பேச்சு வளரும்.

ஒடியாப் பெண் பிள்ளைகளிடம் புச்சி ஆடச் சொல்லுங்கள். குந்தி உட்கார்ந்து கால்களை மாற்றி மாற்றி நீட்டிக் குதிக்கும் ஆட்டம். பார்க்க எளிது, ஆடிப் பார்த்தால் தொடை பிடித்துக்கொள்ளும். நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து கற்றுக்கொள்வார்கள். நடுவே "ஏக, துயி, தினி, சாரி" என்று ஒடியாவில் எண்ணவும் ஆரம்பிப்பார்கள். பீகார்ப் பிள்ளைகள் ஆள் பிரிக்க "ஓகா போகா தீன் தடோகா" சொல்வார்கள். நம்முடைய சாட் பூட் த்ரீ இருந்த இடத்தில் ஒருநாள் அதை வைத்து ஆள் பிரியுங்கள்.

இந்தி தெரிந்த பிள்ளைகளுக்கும் நமக்கும் பொதுவான ஆட்டங்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு பேர் கைகோத்து வளைவு பிடிக்க, மற்றவர்கள் வரிசையாக உள்ளே புகுந்து போய்க் கடைசியில் ஒருவர் மாட்டிக்கொள்ளும் ஆட்டம் அங்கே "போஷம் பா". நமக்கு "ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்தது". வட்டமாக உட்கார்ந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓடுவது அங்கே "கோடா ஜமால் ஷாஹி", இங்கே "குலை குலையா முந்திரிக்கா". ஆட்டம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் விதியைப் புரிந்துகொள்ளும் வேலை மிச்சம். குழந்தையின் கவனம் முழுக்கப் பாட்டுக்குப் போகும். அடுத்த படிக்கு இதுதான் வாசல்.

7. பாட்டு ஆட்டங்கள்: முழு வாக்கியம் வாயில் ஏறும் இடம்

கூட்டத்தோடு கத்தும்போது தன் குரல் தனியாகக் கேட்காது. அதனால் பேசாத பிள்ளையும் பாடும். முதலில் முனகும், அப்புறம் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லும், சில நாளில் முழு வரியும் வரும். பொருள் தெரிந்து பாடுகிறதா என்று சோதிக்காதீர்கள். பொருள் பிறகு வரும்.

வரிசை இப்படி வைத்தால் நன்றாகப் போகும். முதலில் "ஒரு குடம் தண்ணி ஊத்தி". ஒரே வாக்கியம், எண் மட்டும் மாறுகிறது. ஒரு பூ, ரெண்டு பூ, மூணு பூ என்று பத்துவரை போவதற்குள் எண்ணிக்கை தானாகப் பதிந்துவிடும். அதோடு ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் பொருத்தலாம் என்ற சூட்சுமமும் பிடிபடும்.

அப்புறம் "குலை குலையா முந்திரிக்கா". இதில் பாதி ஒருவர் சொல்ல, மீதியை எல்லோரும் சொல்ல வேண்டும். தன் முறை எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அதன்பிறகு "பூப்பறிக்க வருகிறோம்". இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று, ஒன்று கேட்க மற்றது பதில் சொல்கிறது. எந்த மாதம், யாரைத் தேடி, எந்தப் பூ. கேள்விச் சொல்லும் அதற்கான பதிலும் ஜோடியாக வருகின்றன. கடைசியில் பூவின் பெயரைச் சொல்லும் பொறுப்பைப் புதிய பிள்ளைக்குக் கொடுங்கள். மல்லிகையா, தாமரையா என்று ஒரே ஒரு சொல்லைத் தனியாகச் சொல்வதோடு தனிக்குரல் தொடங்கட்டும்.

ஒவ்வோர் ஆட்டத்தையும் பிள்ளைகளே போதும் என்கிறவரை ஓட்டுங்கள். தினம் ஒரு புது ஆட்டம் என்று பட்டியல் போட்டு வருகிறவர்கள் உண்டு. நமக்குச் சலிப்பதால்தான் அப்படிச் செய்கிறோம், பிள்ளைகளுக்குச் சலிப்பதில்லை. நேற்று பாதி புரிந்தது இன்று முழுசாகப் புரிய வேண்டுமென்றால் இன்றும் அதே ஆட்டம் வேண்டும்.

8. விதியும் சண்டையும்

பாண்டி, ஏழாங்கல், கோலி, தெருக் கிரிக்கெட். கோட்டை மிதித்தாயா இல்லையா, அவுட்டா இல்லையா என்று வாதாடாமல் இவற்றை ஆட முடியாது. மொழி வேகமாக வளரும் கட்டம் இது. நியாயம் கேட்கத் துடிக்கும் பிள்ளைக்குச் சொல் உடனே வேண்டும். பக்கத்தில் ஒருவன் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டிருப்பான். "அழுகுணி ஆட்டம்", "நான்தான் ஃபர்ஸ்ட்டு", "மிதிக்கவே இல்ல", "இன்னொரு தடவை", "உன் கூட டூ" எல்லாம் இங்கே வந்து சேரும், ஒவ்வொன்றும் முழுசாக, சரியான தொனியோடு.

ஆகவே சண்டை தொடங்கியதும் ஓடிப்போய்த் தீர்ப்பு சொல்லாதீர்கள். கை ஓங்கினால் மட்டும் நடுவில் போங்கள். வாய்ச்சண்டை என்றால் பத்தடி தள்ளியே நில்லுங்கள். தீர்ப்பு நம்மிடமிருந்து வந்துவிட்டால், இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

அணி ஆட்டத்தில் இன்னொரு லாபம். இந்தியிலும் வங்காளத்திலும் "நாம்", "நாங்கள்" இரண்டுக்கும் ஒரே சொல்தான். வகுப்பறையில் இதை விளக்கிப் புரியவைப்பது பெரும்பாடு. ஏழாங்கல்லில் தோற்ற அணிப் பையனைப் பார்த்து "நாம ஜெயிச்சிட்டோம்" என்று ஒரு பிள்ளை கத்தினால், கத்திய பிள்ளையின் அணிக்காரர்களே "நாம இல்லடா, நாங்க!" என்று திருத்துவார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பது அப்போது கண்ணெதிரே நிற்கிறது.

கெட்ட வார்த்தையும் இந்தக் கட்டத்தில்தான் வரும். எல்லோரும் சிரிப்பதால் அது சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. உள்ளூர்ப் பிள்ளை சொன்னால் என்ன சொல்வீர்களோ அதையே, அதே குரலில், புதிய பிள்ளையிடமும் சொல்லுங்கள். கோபத்தைக் காட்ட வேறொரு சொல்லைக் கையில் கொடுங்கள். "போடா அழுகுணி" போதுமான கோபம்தான். புதிய பிள்ளையைத் தூண்டிவிட்டுச் சொல்லவைத்து வேடிக்கை பார்க்கும் பெரிய பையன்கள் இருந்தால், அவர்களைத் தனியே கூப்பிட்டுக் கண்டியுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

9. தப்பைத் திருத்தும் முறை

"அக்கா வந்தான்", "நான் வருது", "அவன் போகுது" என்றெல்லாம் பேச்சு வரும். வினைச்சொல்லின் வாலில் ஆண், பெண், நான், நீ எல்லாம் ஒட்டிக்கொள்வது தமிழின் வழக்கம். ஒடியாவிலும் வங்காளத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வினை மாறாது. ஆகவே இந்தத் தப்பு நீண்ட நாள் இருக்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. சொற்களை அடுக்கும் வரிசை அவர்கள் மொழியிலும் நம்முடையது போலவே வினையில் முடிவதால், அந்தத் தொல்லை இல்லை.

"தப்பு, அக்கா வந்தாள்னு சொல்லு" என்று ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். "ஆமா, அக்கா வந்தாச்சு, அக்கா வந்துட்டா, வா ஓடலாம்" என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். திருத்தம் காதில் விழும், அவமானம் விழாது. ழகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உள்ளூர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் "வாளப்பளம்" என்றுதான் சொல்கிறார்கள்.

மற்ற பிள்ளைகள் தப்பைக் கேட்டுச் சிரித்தால் என்ன செய்வது? தோழமைச் சிரிப்பென்றால் புதிய பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும், விட்டுவிடலாம். அது தலையைக் குனிந்துகொண்டால் உடனே ஆட்டத்தை மாற்றி, அந்தப் பிள்ளை நன்றாக ஆடும் ஆட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

10. வேடம் கட்டும் ஆட்டங்கள்

கடை, டீச்சர், ஆஸ்பத்திரி, பஸ், சொப்பு வைத்துச் சமையல். பாட்டு ஆட்டத்தில் வாக்கியம் மாறாது. இங்கே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். வாயில் ஏறிய வாக்கியங்களை உடைத்துப் புதிதாகச் சேர்க்கும் பழக்கம் இங்கேதான் வரும். அதனால் இதற்கு முன்னால் கோரஸ் கட்டம் முடிந்திருக்க வேண்டும். முதல் வாரமே கடை ஆட்டம் வைத்தால் புதிய பிள்ளை கடையில் இருக்கும் சாமானாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

முதலில் வசனம் குறைவான, ஆனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய வேடத்தைக் கொடுங்கள். கண்டக்டர் வேடம் அருமையானது. "எங்க போகணும்?", "சில்லறை குடுங்க", "உள்ள போங்க, உள்ள போங்க", "போலாம் ரைட்!" நான்கு வாக்கியத்தில் ஒரு பஸ்ஸே ஓடும். அதிகாரமும் அந்தப் பிள்ளை கையில். "ஏறுங்க", "இறங்குங்க" என்ற மரியாதை வடிவமும் வேடத்தோடு வந்துவிடுகிறது. தெருச் சண்டையில் "ஏறுடா, இறங்குடா" மட்டும்தான் கிடைக்கும். பள்ளியில் ஆசிரியரிடமும் அப்படியே பேசிவிட்டு, ஏன் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் முழிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே டீச்சர் ஆட்டமும் கடை ஆட்டமும் அவசியம்.

இந்த ஆட்டத்தில் நீங்களும் ஒரு பயணியாக ஏறிக்கொள்ளலாம். டிக்கெட் வாங்குங்கள், தப்பான ஊரில் இறங்கப் பாருங்கள், கண்டக்டர் உங்களைத் திட்டட்டும். இயக்குநராக மட்டும் ஆகிவிடாதீர்கள்.

11. செல்போன் பார்த்துக் கற்கட்டுமே என்று கேட்டால்

வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது பாதுகாப்பான வழியாகத் தோன்றும். குறை சொல்லாமல் பதில் சொல்லுங்கள். 2003இல் பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். 12 அமர்வுகள் நேரில் சீன மொழி பேசி விளையாடியவர்களிடமிருந்து குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அது வரவில்லை. நம் பிள்ளைகள் வயதில் பெரியவர்கள், கார்ட்டூனிலிருந்து நாலு சொல் பொறுக்கிக்கொள்வார்கள்தான். ஆனால் கார்ட்டூன் இவர்களிடம் பதில் கேட்பதில்லை, தப்பாகச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை, பந்தைப் பிடுங்குவதும் இல்லை.

12. ஊருக்குப் போய்த் திரும்பும்போது

ஹோலிக்கோ தீபாவளி, சட் பூஜையை ஒட்டியோ குடும்பத்தோடு ஊருக்குப் போய், சில நேரம் மாதக்கணக்கில் கழித்துத் திரும்புவார்கள். வந்ததும் பிள்ளை மறுபடி மௌனமாக இருக்கும். எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டாம். நன்றாகப் பாடிய ஒரு பாட்டு ஆட்டத்தை எடுங்கள். பழைய தோழர்களையே பக்கத்தில் நிறுத்துங்கள். பழகிய தமிழ் பெரும்பாலும் அந்த வரிகளோடு சேர்ந்து திரும்பி வரும்.

அந்த இடைவெளியில் கூட்டாளிகள் வேறு ஜோடி சேர்ந்திருப்பார்கள். அது மொழி மறந்ததைவிடப் பெரிய தடை. ஊரிலிருந்து என்ன ஆட்டம் கற்றுவந்தாய் என்று கேட்டு, ஆறாம் படியை மறுபடி ஒருநாள் நடத்துங்கள்.

13. ஆட்டத் தமிழும் பாடத் தமிழும்

பிள்ளை மடமடவென்று பேசத் தொடங்கியதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். பள்ளியிலும் "இவனுக்குத்தான் தமிழ் தெரியுமே, பாடத்தில் ஏன் பின்தங்குகிறான், சோம்பேறி" என்ற பேச்சு வரும். இது பெரிய அநியாயம். புது மொழியில் சாதாரணமாகப் பேசிப் பழகச் சுமார் 2 ஆண்டும், அதே மொழியில் பாடங்களைப் படித்து எழுதும் அளவுக்குச் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டும் ஆகலாம் என்று ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா அறிஞர் அங்கே குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்து சொன்னார். நமக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது: தெருவில் கேட்கும் "வந்துட்டாங்க" புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்று இருக்கிறது.

ஆகவே பேச்சு வந்தபிறகு, வட்டம் நடக்கும் ஒரு மணி நேரத்தில் கடைசிக் கால்மணியைக் கதைக்கு ஒதுக்குங்கள். ஆடிக் களைத்து உட்கார்ந்திருக்கும்போது, படமுள்ள கதைப் புத்தகத்தை அதில் உள்ளபடியே சத்தமாக வாசியுங்கள். பேச்சு மொழியில் மாற்றிச் சொல்லாதீர்கள். எழுத்துத் தமிழின் ஓசை அவர்கள் காதுக்கு வேறு எங்கே கிடைக்கும்? அடுத்த நாள் அதே கதையை பஸ் ஆட்டம் மாதிரி நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இதனால் வாசிப்பு தேறும். அவர்கள் பெற்றோர் வட்டத்துக்குப் பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்ப அதுவும் ஒரு காரணமாகும்.

வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்து இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். இந்தப் பிள்ளை இன்ன இன்ன ஆட்டத்தில் இப்படிப் பேசுகிறது, வகுப்பில் இந்தத் தோழனின் பக்கத்தில் உட்காரவையுங்கள் என்பது ஒன்று. எழுத்து வேலைக்கு இன்னும் நேரம் கொடுங்கள் என்பது இன்னொன்று. கல்வியாண்டு மாறி ஆசிரியர் மாறினால், ஜூன் மாதம் மறுபடி ஒருமுறை போய்ச் சொல்ல வேண்டும்.